புதிதாய்க் கிடைத்த செப்பேடு: மெய்ம்மை காணும் வழிகள்

பாலாற்றின் இரு கரைகளிலும் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவோரோ, பழங்கோயில் திருப்பணிக்காகத் தளவரிசைக் கல்லைப் பெயர்ப்போரோ, மண்ணுக்குள்ளிருந்து பச்சைக் களிம்பேறிய தகடு ஒன்றை எடுத்து, அதில் எழுத்துப் போன்ற கீறல்கள் இருப்பதைக் கண்டுவிட்டால், அன்று மாலைக்குள் அச்செய்தி ஊரெங்கும் பரவிவிடுகிறது. கூடியவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: இது மெய்யான பழஞ்சாசனமா, அல்லது எவரோ செய்துவைத்த போலியா? ஒரே சொல்லில் விடை கேட்கும் இந்த வினாவுக்குள் மூன்று வேறு வினாக்கள் மறைந்திருக்கின்றன. இந்தத் தகடு எக்காலத்தில் வெட்டப்பட்டது என்பது ஒன்று; இதில் உள்ள வாசகம் எக்காலத்தில் இயற்றப்பட்டது என்பது மற்றொன்று; அவ்வாசகம் கூறும் செய்தி நடந்ததா என்பது மூன்றாவது. இம்மூன்றையும் பிரித்துக் கேளாமல் ஒன்றாய்க் கலந்து கேட்டமையாலேயே நம் நாட்டுச் சாசன ஆராய்ச்சியில் மெய்யை எறிந்ததும் பொய்யைப் போற்றியதும் நிகழ்ந்தன என்பது இக்கட்டுரையாளனின் உறுதியான எண்ணம்.

இந்தச் சிக்கல் செப்பேட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1909 முதல் 1911 வரையில் சிகரெட்டுப் பெட்டிகளுக்குள் வைத்து வழங்கப்பட்ட பேஸ்பால் ஆட்டக்காரர் அட்டைகளில் ஹோனஸ் வாக்னர் என்பாரின் உருவம் தாங்கிய அட்டை மிக அரிதாகவே எஞ்சியது. அவற்றுள் கூர்மை குன்றாத விளிம்புகளோடு விளங்கிய ஒன்று, 1991இல் 4,51,000 டாலருக்கும், 2007இல் 28,00,000 டாலருக்கும் கைமாறியது. நிபுணர் நிறுவனம் ஒன்று அதனைத் தரம் பிரித்து உயர்ந்த மதிப்பெண்ணும் வழங்கியிருந்தது. பின்னர், அதனை முன்பு வாங்கி விற்ற பில் மாஸ்ட்ரோ என்னும் ஏல வணிகர், விளிம்புகளை வெட்டிச் சீராக்கியவர் தாமே என்று 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அட்டை அக்காலத்தது, அச்சு அக்காலத்தது, உருவமும் அவருடையதே. ஆயினும் கண்டோரை வியக்கச் செய்த அந்த விளிம்பு மட்டும் பிற்காலத்தது. இதை மெய் என்பதா, பொய் என்பதா? மூன்று வினாக்களையும் தனித்தனியே கேட்டவனுக்கு இதில் மயக்கம் இல்லை. கேளாதவன் ஒரு பக்கம் சாய்ந்தே தீரவேண்டும்.

நம் முன்னோர் இந்த விசாரணையை அறியாதவர் அல்லர். சேக்கிழார் பெருமான் பாடிய சுந்தரர் வரலாற்றை இந்த நோக்கோடு படிப்பவர்க்கு அது ஒரு வழக்கு மன்ற நடவடிக்கையாகவே தோன்றும். புத்தூர் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் வந்து அடிமை ஓலை காட்டுகிறார். மணமகன் சினந்து அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் முதியவர், கிழிக்கப்பட்டது படியோலை என்றும், மூல ஓலை தம்மிடமே இருக்கிறதென்றும் கூறுகிறார். சபையார் அம்மூலத்தை வாங்கிப் படித்தபின், மணமகனுடைய பாட்டனார் முன்பு எழுதியதாய்க் காப்பிலிருந்த வேறொரு கைச்சாத்தை வருவித்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். மூலமும் பிரதியும் வேறென்பது, சந்தேகத்துக்கு இடமான எழுத்தைச் சந்தேகமற்ற எழுத்தோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்பது, அந்த ஒப்புக்கான எழுத்து வாதியின் கையிலிருந்து வராமல் வேறிடத்திலிருந்து வரவேண்டும் என்பது ஆகிய மூன்று பிரமாணங்களும் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் காப்பியத்திலேயே கிடக்கின்றன.

வடநாட்டிலும் இவ்வாறே. பொய்யாக அரச சாசனம் சமைப்பவனுக்கு மரண தண்டனை என்று மனுதர்ம சாஸ்திரம் விதிக்கிறது. நடவாத குற்றத்துக்கு எவரும் தண்டனை வகுப்பதில்லை. அதற்குச் சான்று தருவதுபோல், ஹர்ஷவர்த்தனருடைய 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 631ஐ ஒட்டி, வெளியிடப்பட்ட மதுபன் செப்பேடு, ஓர் அந்தணர் பொய்ச் சாசனத்தைக் காட்டிச் சோமகுண்டகை என்னும் கிராமத்தை அநுபவித்துவந்ததையும், அரசர் அந்தத் தகட்டை உடைத்தெறிந்து கிராமத்தை மீட்டு வேறு இருவருக்கு அளித்ததையும் கூறுகிறது. இந்த நாட்டில் போலிச் செப்பேடு கண்டுபிடிக்கப்பட்ட கதையை நமக்குச் சொல்வதும் ஒரு செப்பேடே.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஆம்பூரைக் கடந்து வாணியம்பாடி செல்லும் வழியில், பாலாற்றை அடுத்துள்ள உதயேந்திரம் என்னும் ஊர், 19ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்ட செப்பேட்டுத் தொகுதிகளால் தென்னிந்திய வரலாற்றில் அழியாத இடம் பெற்றது. பல்லவர், கங்கர், வாணர், சோழர் ஆகியோர் வரலாற்றை எழுதிய எவரும் இவ்வூர் ஏடுகளைத் தொடாமல் சென்றதில்லை. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வேன்.

முதலாவது, பல்லவ மன்னன் நந்திவர்மன் தன் முதல் ஆட்சியாண்டில் காஞ்சிவாயில் என்னும் ஊரைச் சார்ந்த அந்தணர் ஒருவருக்கு நிலம் அளித்ததைக் கூறும் வடமொழிச் செப்பேடு. இந்த நந்திவர்மன் காஞ்சியைப் பிற்காலத்தில் ஆண்ட பல்லவமல்லன் அல்லன். அவனுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். ஸ்கந்தவர்மன், அவன் மகன் சிம்மவர்மன், அவன் மகன் இரண்டாம் ஸ்கந்தவர்மன், அவன் மகன் நந்திவர்மன் என்று ஏடு வமிசாவளி கூறுகிறது. கீல்ஹார்ன் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர் இதனை 'எபிகிராபியா இண்டிகா'வின் மூன்றாம் தொகுதியில் ஆராய்ந்து வெளியிட்டபோது, எழுத்தின் அமைதி அரசனுடைய காலத்துக்கு மிகப் பிற்பட்டதாயும் வாசகம் பிழைகள் மலிந்ததாயும் இருந்தமையால் அவ்வேட்டின்மேல் ஐயம் விழுந்தது. முதல் வினாவுக்கு விடை தெளிவாகிவிட்டது: தகடு நந்திவர்மன் காலத்ததன்று. அவ்வளவில் நின்று, போலி என்று முத்திரை குத்தி ஒதுக்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

அதற்கு விடை, 20ஆம் நூற்றாண்டில் தெலுங்கு நாட்டுப் பெனுகொண்டாவிலிருந்து வந்தது. அங்கே கிடைத்த மேலைக் கங்க மன்னன் மாதவனுடைய செப்பேட்டை, கங்கர் ஏடுகளுள் பலவற்றைப் பொய்யென்று தள்ளிய பிளீட் என்னும் கடுமையான பரீட்சகரே மெய்யென்று ஏற்றுக்கொண்டார். அது கூறும் செய்தி, மாதவனின் தந்தையைப் பல்லவ சிம்மவர்மனும், மாதவனைப் பல்லவ ஸ்கந்தவர்மனும் சிங்காதனத்தில் அமர்த்தினர் என்பது. சிம்மவர்மன், அவனுக்குப்பின் ஸ்கந்தவர்மன். உதயேந்திரத்துச் சந்தேக ஏடு சொன்ன வரிசையும் அதுவே. உதயேந்திரத்தில் தகட்டை வெட்டியவனுக்கும் பெனுகொண்டாவில் தகட்டை வெட்டியவனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆகவே, பிழை மலிந்த பிற்கால எழுத்துக்குள் பழைய மெய்யான வாசகம் ஒன்று தங்கியிருக்கிறது என்னும் அநுமானம் வலுப்பெற்றது. பல்லவர் வரலாறு எழுதியோர் நந்திவர்மனை அரசர் நிரலில் வைத்தனர்.

இரண்டாவது ஏடு, பல்லவமல்லனாகிய இரண்டாம் நந்திவர்மனுடைய 21ஆம் ஆண்டுச் சாசனம். நந்திபுரத்தில் பகைவரால் முற்றுகையிடப்பட்டிருந்த அரசனை மீட்டுச் சித்திரமாயனை வதைத்த தளபதி உதயசந்திரன் வேண்ட, அரசன் ஒரு கிராமத்தை உதயசந்திரமங்கலம் எனப் பெயர் மாற்றி 108 அந்தணருக்கு அளித்தான் என்பது அதன் பொருள். சந்திரனும் இந்துவும் ஒன்றே. உதயேந்திரம் என்று இன்று வழங்கும் பெயரில் அந்தத் தளபதியின் பெயர் ஒளிந்திருக்கிறது. இந்த ஏட்டின் எழுத்தும், அதே அரசனுடைய 22ஆம் ஆண்டுக் காசாக்குடிச் செப்பேட்டோடு வைத்துப் பார்ப்போர்க்கு, ஓராண்டு இடைவெளிக்கு ஒவ்வாத அளவு பிற்பட்டதாய்த் தோன்றுகிறது. ஆனால் இதன் இறுதியில் தமிழில் ஒரு குறிப்பு உண்டு. மதுரை கொண்ட கோப்பரகேசரிவர்மனாகிய முதற் பராந்தக சோழனுடைய 26ஆம் ஆண்டில், காஞ்சிவாயில் சபையாரும் உதயசந்திரமங்கலத்துச் சபையாரும் கூடி, இனி இரண்டூரும் ஓரூராய் வாழக்கடவோம் என்று உடன்பட்டதை அது தெரிவிக்கிறது.

காஞ்சிவாயில் முதல் ஏடு கூறும் ஊர். உதயசந்திரமங்கலம் இரண்டாம் ஏடு கூறும் ஊர். கி.பி. 933ஐ ஒட்டி இரண்டு சபைகளும் ஒன்றானபோது, இரண்டூருக்கும் உரிய பழைய உரிமைப் பத்திரங்கள் ஒரே பெட்டிக்குள் வந்திருக்கவேண்டும். தேய்ந்தோ சிதைந்தோ போன மூலங்களை அக்காலத்துக் கைவினைஞன் அக்காலத்து எழுத்தில் படியெடுத்திருக்கலாம். நானூறு ஆண்டுப் பழமையுள்ள எழுத்தை அவன் சரிவரப் படிக்கமாட்டாமையாலேயே முதல் ஏட்டில் பிழைகள் மலிந்திருக்கலாம். இது என் அநுமானமே. எனினும், ஒரு போலியைச் சமைப்பவன் வாசகத்தைப் பிழையறச் செய்யவே முயல்வான் என்பதையும், புரியாத எழுத்தை விசுவாசத்தோடு பார்த்து எழுதுபவனே பிழை மேல் பிழை செய்வான் என்பதையும் கருதும்போது, அந்தப் பிழைகளே எனக்கு நேர்மையின் அடையாளமாய்த் தோன்றுகின்றன. சுந்தரர் கிழித்தது படியோலை. அதனால் அடிமைத்தனம் இல்லையென்று ஆகிவிடவில்லை.

பரீட்சைக்குரிய வழிகளை இனிப் பார்ப்போம். எழுத்தின் வடிவம் அவற்றுள் தலையானது. அதன் வலிமையையும் வரம்பையும் மேலே கண்டோம். அடுத்தது காலக் கணக்கு. இதற்கு எங்கள் விரிஞ்சிபுரத்திலேயே அழகிய உதாரணம் உண்டு. மார்க்கபந்தீசுவரர் கோயிலில், விஜயநகரத்துத் தேவராய மகாராயர் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டொன்று, படைவீட்டு இராச்சியத்து அந்தணர்களாகிய கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய அனைவரும், இனிப் பெண்ணைக் கன்னிகாதானமாகவே கொடுப்பதென்றும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவனும் அரச தண்டத்துக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்றும் எழுதிக்கொண்ட உடன்படிக்கையைத் தாங்கி நிற்கிறது. அதன் தேதி, சக ஆண்டு 1347 கழிந்த விசுவாவசு வருஷம், பங்குனி 3, சஷ்டி திதி, புதன்கிழமை, அனுஷ நட்சத்திரம்.

இந்த ஐந்து உறுப்புகளும் ஒன்றையொன்று கட்டிப்போடுகின்றன. பங்குனிப் பூரணை உத்திரத்தை ஒட்டி வருவது எல்லார்க்கும் தெரிந்ததே. உத்திரத்துக்குப் பின் அஸ்தம், சித்திரை, சுவாதி, விசாகம், அனுஷம் என்று எண்ணினால் அனுஷம் ஐந்தாம் நாளில் வரும். ஆகவே தேய்பிறைச் சஷ்டியோடு அனுஷம் கூடுவது இயற்கை. கிழமையைச் சோதிக்க, அந்தப் பங்குனி 3 ஆங்கிலக் கணக்கில் கி.பி. 1426 பிப்ரவரி 27. கணக்கிட்டுப் பார்த்தால் அது புதன்கிழமையே. மாதத்தின் நாள், திதி, நட்சத்திரம், கிழமை ஆகிய நான்கும் சந்திர சூரியர்களின் கதிக்கு இணங்கி நிற்க, 600 ஆண்டுகள் கழித்து ஒரு கல்லைப் பார்த்து நாம் தலையசைக்கிறோம். எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை பெரும் உழைப்பால் அமைத்து 1922இல் வெளியான பஞ்சாங்கத் தொகுதிகள் இத்தகைய சோதனையை எவரும் செய்யக்கூடிய எளிய காரியமாக்கிவிட்டன; தமிழன் ஒருவன் உலகச் சாசன ஆராய்ச்சிக்குச் செய்த கொடைகளில் அது மிகப் பெரிது.

ஆயினும் கணக்குத் தவறினால் சந்தேகிக்கலாமேயன்றி, கணக்குப் பொருந்தியதாலேயே நம்பிவிடலாகாது. பஞ்சாங்கம் அறிந்தவன் போலி செய்தால் அதுவும் பொருந்தும். குடகு நாட்டு மெர்க்காரா செப்பேடு இங்கே எச்சரிக்கையாய் நிற்கிறது. 388ஆம் ஆண்டு என்று தேதியிட்ட அந்த ஏடு, சக ஆண்டென்று கொண்டால் கி.பி. 466இல் நிற்கவேண்டும். ஆனால் எழுத்து, பல நூற்றாண்டு பிற்பட்டது. அதற்குமேல், இராஷ்டிரகூட மன்னர்கள் பிற்காலத்தில் தாங்கிய அகாலவர்ஷன் என்னும் விருதுப் பெயரும் அதில் வருகிறது. பின் வந்த பெயரை முன் வைத்த இந்தக் கால முரணே போலியாளனைக் காட்டிக்கொடுக்கும் உறுதியான சாட்சி.

கால முரணைத் தேடுவதற்கு ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தோல் தொழிலாளரைக் காட்டிலும் சிறந்த ஆசிரியர் வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலையும் குரோமிய உப்பில் பதனிட்ட தோலையும் அவர்கள் விரல் நுனியாலேயே பிரித்துவிடுவார்கள். அறுத்த விளிம்பில் தோன்றும் நீலச் சாயலே குரோம் தோலுக்குப் போதிய அடையாளம். அம்முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுக்கப்பட்டது 1884இல். ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆகவே, திப்பு சுல்தான் காலத்துக் கணக்குப் புத்தகமென்று ஒருவர் நீட்டும் ஏட்டின் தோலுறை அறுத்த விளிம்பில் நீலித்திருந்தால், அந்த உறையைப் பற்றிய விவாதம் அங்கேயே முடிந்தது. பழைய அட்டைகளைப் புறஊதாக் கதிரில் காட்டி, பளீரென்று ஒளிர்ந்தால் அக்காகிதம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிற்பட்ட வெண்மையூட்டி சேர்ந்ததென்று அமெரிக்கர் அறிவதும் இதே நியாயம்தான். உறை பிற்காலத்ததானால் உள்ளேயிருக்கும் தாளும் பிற்காலத்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. அது வேறு விசாரணை.

செம்பிலும் உலோகம் பேசும். நெடுங்காலம் மண்ணில் கிடந்த செம்பின்மேல் முதலில் சிவந்த படலமும் அதன்மேல் பச்சைக் களிம்பும் உலோகத்தோடு ஒட்டி வளர்கின்றன. அமிலமும் உப்பும் பூசி அவசரமாய் ஏற்றிய பச்சை பெரும்பாலும் சுரண்டினால் உதிர்கிறது. எழுத்து வெட்டின் பள்ளத்துக்குள்ளும் களிம்பு இறங்கியிருக்கிறதா, அல்லது களிம்பை வெட்டிக்கொண்டு எழுத்து சென்றிருக்கிறதா என்பதை உருப்பெருக்கியில் பார்த்தால், தகடு பழையதாயும் எழுத்து புதியதாயும் உள்ள தந்திரமும் வெளிப்படும். இவற்றோடு வளையமும் இலச்சினையும் சேரும். ஏடுகளைக் கோத்த வளையத்தின் இரு முனைகளையும் அரச முத்திரைக்குள் செலுத்தி உருக்கி ஒட்டியிருப்பார்கள். வளையம் அறுபடாத வரையில் நடுவே ஓர் ஏட்டை நுழைக்கவோ எடுக்கவோ இயலாது. சாசனப் பதிப்பாசிரியர்கள், தம் கைக்கு வந்தபோது வளையம் அறுபட்டிருந்ததா இல்லையா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவதன் காரணம் இதுவே.

பரீட்சகரின் மனோபாவமும் ஒரு கருவி என்பதை மறக்கலாகாது. கங்கர் ஏடுகளை வெளியிட்ட லூயிஸ் ரைஸ் அவற்றை நம்ப விரும்பினார்; 1901இல் போலிச் சாசனங்களைப் பட்டியலிட்ட பிளீட் ஐயப்பட விரும்பினார். இருவரும் மகாபண்டிதர், இருவராலும் ஆராய்ச்சி வளர்ந்தது. என் தராசு பிளீட் பக்கமே சற்றுத் தாழ்கிறது. காரணம், தம் ஐயத்துக்கு விடையாக ஒரு மெய்யான ஏடு பெனுகொண்டாவிலிருந்து வந்தபோது அவர் தயங்காமல் தலைவணங்கினார் என்பது.

இவை எல்லாவற்றுக்கும் மேலான பிரமாணம் ஒன்றுண்டு. அது பண்டிதரிடம் இல்லை, மண்வெட்டி பிடித்தவரிடம் இருக்கிறது. 2010இல் மயிலாடுதுறைக்கு அருகே கழுக்காணிமுட்டத்துக் கோயிலில் மண்ணைத் தோண்டியபோது, முதலாம் இராசாதிராச சோழனுடைய 85 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி செப்புத் திருமேனிகளோடு ஒருங்கே கிடைத்தது. பலர் பார்த்திருக்க, கோயில் மண்ணிலிருந்து நேரே வெளிப்பட்ட அந்தத் தொகுதிக்கும், கைமாறிக் கைமாறி ஒரு வியாபாரியின் பெட்டியிலிருந்து வெளிப்படும் தகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த இரசாயன சோதனையும் ஈடுசெய்யமாட்டாது. விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டை எவரும் ஐயுறாமைக்குக் காரணம், அது வெட்டப்பட்ட கோயிலிலேயே நிற்பது. செப்பேடு நகரக்கூடியது, நகரும் ஒவ்வோர் அடியிலும் அது தன் சாட்சிகளை இழக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன், ஆற்றோரத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டார் என்னை அன்போடு அழைத்து, நிலத்தில் கிடைத்ததென்று ஒரு தகட்டைக் காட்டினார்கள். நான் வருவது தெரிந்து, முதல்நாளே அதைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்த்துப் பூசைச் சொம்புபோல் பளபளக்கச் செய்திருந்தார்கள். எழுத்துகளின் முனை மழுங்கியிருந்தது. களிம்பு முழுதும் போயிருந்தது. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், வேறு எதனோடு கிடைத்தது என்பதும் அவர்களுக்குள்ளேயே இருவேறாய் இருந்தது. மெய்யா பொய்யா என்று அவர்கள் கேட்டபோது, என்னால் இரண்டில் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. அந்த நல்ல மனிதர்கள் செய்த மரியாதையே அந்தத் தகட்டின் வாயை அடைத்துவிட்டது. அந்தத் துக்கம் இன்னும் என்னை விடவில்லை.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எப்பொருளையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தால் அறிவிக்கவேண்டும் என்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ, நூறாண்டு கடந்த தொல்பொருளை உரிமம் இன்றி வாணிகம் செய்வதைத் தடுக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பாலாற்றங்கரையில் வாழும் எவருக்கும் அது தொலைவன்று. ஆகவே, இதைப் படிக்கும் அன்பர்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே: உங்கள் நிலத்தில் ஒரு தகடு வெளிப்பட்டால் அதைக் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், வளையத்தை அறுக்காதீர்கள், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் நாளையும் உடனிருந்தவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒட்டிய மண்ணோடு அப்படியே ஒப்படைத்துவிடுங்கள்.